சாலை அபிவிருத்திக் கணக்கு

"பரிசு வாங்கிய படமாமே? அப்படியானால் அவசரப்பட வேண்டாம். கொட்டகையில் இடம் தாராளமாக இருக்கும்!"

குடும்பத்துடன் சினிமாவுக்குக் கிளம்பும் வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காத நேயர்கள் இருக்க முடியாது. மெடல் ஒரு பக்கம், டிக்கட் வசூல் மற்றொரு பக்கம். இரண்டும் மனஸ்தாபம் கொண்ட மாமியார் மருமகளைப்போல் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பார்க்கமாட்டா என்று நம்மவர்கள் தீர்மானம் செய்து வைத்திருக்கிறார்கள். படமுதலாளிகள் இந்தத் தீர்மானத்தை வெகு சந்தோஷமாக ஆமோதிக்கிறார்கள். நல்ல படம் எடுக்காமல் இருப்பதற்கு இதைவிடச் சௌகரியமான காரணம் வேறு எங்கே கிடைக்கப் போகிறது?

இந்தத் தீர்மானத்துக்குத் துணையாக இன்னொரு கதையும் உலவி வருகிறது. நம் தேசத்தில் ஓர் உயர்ந்த கலைப் பொருள் பிறந்தால் நம் ஜனங்களுக்கு அதன் அருமை தெரியாது. அயல் நாட்டார் முதுகில் தட்டிக் கொடுத்த பிறகுதான் நமக்குக் கண் திறக்கும் என்பது அந்தக் கதை. இதற்கு உதாரணம் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஸ்ரீ சத்யஜித் ராய் எடுத்த "பதேர் பாஞ்சாலி"யைத்தான் சொல்வார்கள். அந்தப் படத்தின் வரவு செலவையும் அதற்குக் கிடைத்த பரிசுகளையும் தேதிவாரியாக எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கதை தலைகீழாக இருக்கிறது. ஆகையால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுவதென்று முடிவு செய்தேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பாஞ்சாலி என்றதும் தமிழர்களுக்குத் திரௌபதியும் பாரதியாரும் ஞாபகத்துக்கு வருவார்கள். இந்தப் பாஞ்சாலி அவள் அல்ல. வங்காளத்தில் பாஞ்சாலி என்பது கதை சொல்லும் ஒரு வகைப் பாட்டு. "பதேர் பாஞ்சாலி" என்றால் பாதையின் பாட்டு. பிபூதிபூஷண் பந்தோபாத்யாயர் 1929-ம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்ட நாவல் அது. பெயரைத் தவறாகப் புரிந்துகொள்ளும் உரிமை தமிழர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

ராய் அப்போது கல்கத்தாவில் ஓர் ஆங்கில விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரராக உத்தியோகம் பார்த்து வந்தார். 1944-ல் அந்த நாவலைக் குழந்தைகளுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது அதற்குப் படம் போட்டவர் அவர்தான். படம் போட்டபோதே, இதைத் திரைப்படமாக எடுக்கலாமே என்ற எண்ணம் விழுந்துவிட்டது. 1950-ல் கம்பெனி வேலையாக லண்டனுக்குப் போன இடத்தில், நடிகர்களாக அல்லாத சாதாரண மனிதர்களை வைத்துத் தெருவிலேயே எடுத்த "சைக்கிள் திருடர்கள்" என்னும் இத்தாலியப் படத்தைப் பார்த்தார். நம்மாலும் முடியும் என்று நிச்சயம் செய்துகொண்டார்.

படமுதலாளிகள் நிச்சயம் செய்துகொள்ளவில்லை. கதையில் பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, பெயர் பெற்ற நட்சத்திரம் இல்லை. ஏழைப் புரோகிதர் ஒருவர், அவர் மனைவி, பெண் ஒன்று, பிள்ளை ஒன்று, வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லுப் போன கிழவி ஒருத்தி. இதற்கு யார் பணம் போடுவார்கள்? மொத்தம் ரூ. 70,000 இருந்தால் முடித்துவிடலாம் என்பது ராயின் மதிப்பு. 1948-ல் நமது ஜெமினியார் வெளியிட்ட "சந்திரலேகா"வுக்குச் செலவு ரூ. 30 லட்சம் என்று சொல்வதுண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால், முரசு நடனத்துக்குச் செய்த முரசுகளுக்குக்கூட இந்த ரூ. 70,000 போதியிருக்குமா என்பது சந்தேகந்தான்!

ஆனாலும் படப்பிடிப்பு 1952-ம் ஆண்டு அக்டோபர் 27-ம் தேதி ஆரம்பமாயிற்று. எப்படி? இன்ஷ்யூரன்ஸ் பாலிஸியை ஈடு வைத்துக் கொஞ்சம் பணம். அருமையாகச் சேர்த்த கிராமபோன் தட்டுகளை விற்றுக் கொஞ்சம். அதுவும் போதாமற் போகவே, அவர் மனைவி ஸ்ரீமதி பிஜயா தமது நகைகளை அடகுக் கடைக்கு அனுப்பினார். உத்தியோகத்தை விட முடியாது. ஆகையால் படப்பிடிப்பு விடுமுறை நாட்களில். காமிராக்காரர் சுப்ரத மித்ராவுக்கு வயது 21. அதற்கு முன் சினிமாக் காமிராவைக் கையால் இயக்கியதே கிடையாது. முதல் நாள், ரயில் பார்க்க அக்காளும் தம்பியும் நாணற்பூக் காட்டில் ஓடும் காட்சியில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தை எடுக்கப் போனால், அந்த நாணற்பூ முழுவதையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மறு வருஷம் பூக்கிறவரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. சினிமாவுக்கு வரும் விமர்சகர்களில் இவ்வளவு முழுமையாக வேலையைச் செய்தவர்களை நான் கண்டதில்லை.

கடன் கொடுத்து வந்த ஒரு முதலாளியின் சொந்தப் படங்கள் தோல்வியடைந்தன, கடனும் நின்றது. ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை அப்படியே கிடந்தது. இதில் பணக் கஷ்டத்தைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அபுவாக நடித்த சுபீர் பானர்ஜி சிறு பையன், குரல் உடைந்துவிட்டால்? துர்க்காவாக நடித்த உமா தாஸ்குப்தா வளருகிற பெண். ஒரே வருஷத்தில் பெரியவளாய்த் தோன்றினால்? கிழவி இந்திராக நடித்த சுனிபாலா தேவிக்கோ ஏறக்குறைய எண்பது வயது. பழைய நாடக மேடை நடிகை, உலகம் மறந்து போனவர், நாளொன்றுக்கு ரூ. 20 சம்பளம் பேசி அழைத்து வந்திருந்தார்கள். இவர் காலமாகிவிட்டால் படமே காலமாகிவிடும். பையன் குரல் உடையவில்லை, பெண் வளர்ந்துவிடவில்லை, கிழவியார் உயிரோடிருந்தார். இம்மூன்றையும் அற்புதங்கள் என்றே ராய் பிற்காலத்தில் சொல்லி வந்தார்.

கடைசியில் கை கொடுத்தது சர்க்கார். ராயின் தாயாருக்குத் தெரிந்தவர்கள் மூலமாக விஷயம் மேற்கு வங்க முதன்மந்திரி டாக்டர் பிதான் சந்திர ராயின் காதுக்கு எட்டிற்று. மகாத்மாவுக்கு வைத்தியம் பார்த்த அந்தப் பெரியவர், நின்றுபோன படத்துக்கும் வைத்தியம் பார்க்க முன்வந்தார். ஆனால் சர்க்கார் பணம் என்றால் அது ஏதாவது ஓர் இலாகாவின் கணக்கிலிருந்துதானே வர வேண்டும்? சினிமாவுக்கு என்று ஒரு கணக்கு அப்போது இல்லை. பெயரோ "பாதையின் பாட்டு". ஆகவே அந்தத் தொகை "சாலை அபிவிருத்தி" என்ற தலைப்பில் எழுதப்பட்டது! கிராம முன்னேற்றத்தைப் பற்றிய செய்திப் படம் ஒன்று தயாராகிறது என்றே உத்தியோகஸ்தர்களில் பலர் எண்ணியிருந்தார்கள். குடும்பம் ஊரை விட்டுப் போவதற்குப் பதிலாக, கிராம அபிவிருத்தித் திட்டத்தில் சேர்ந்து சுகமாக வாழ்வதாக முடித்தால் என்ன என்ற யோசனையும் எழுந்தது. நல்ல வேளையாக அது யோசனையாகவே நின்றது. பணம் தவணை தவணையாக வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். மொத்தச் செலவு சுமார் ரூ. 1½ லட்சத்தில் முடிந்தது. படத்தின் உரிமை சர்க்காருடையது ஆயிற்று. இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனித் தேதிகள்.

நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை மியூஸியத்தைச் சேர்ந்த ஒருவர் 1954-ல் கல்கத்தாவுக்கு வந்திருந்தபோது படத்தின் சில புகைப்படங்களைக் கண்டு, மறு வருஷம் தாங்கள் நடத்தப் போகும் இந்தியக் கலைக் காட்சிக்கு இப்படம் வேண்டும் என்றார். வேறு காரியமாக வந்த ஹாலிவுட் டைரக்டர் ஜான் ஹ்யூஸ்டன், பேச்சும் சங்கீதமும் சேராத சில சுருள்களைப் பார்த்துவிட்டு, மியூஸியத்தாரிடம் நல்ல வார்த்தை சொன்னார். அதற்குமேல் கேட்பானேன்! ரவிசங்கர் ஒரே இரவில் உட்கார்ந்து பெரும்பாலான சங்கீதத்தை வாசித்து முடித்தார். எடிட்டர் துலால் தத்தா இரவு பகலாய் வெட்டி ஒட்டினார். ஆங்கில வாசகம் சேர்க்கக்கூட அவகாசமின்றிப் படம் விமானம் ஏறி, 1955-ம் ஆண்டு மே 3-ம் தேதி நியூயார்க்கில் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் பரிசும் இல்லை, பணமும் இல்லை. அந்தப் புகழ்ச்சியைக் கல்கத்தாவின் தெருவில் போகிறவர் யாரும் கேள்விப்படவும் இல்லை.

அதற்கு அத்தாட்சி, கல்கத்தாவில் விளம்பரத் தொழிலாளரின் சங்கத்தில் நடந்த முதல் காட்சி. கூடியிருந்தவர்கள் ராயின் சொந்தத் தொழிலைச் சேர்ந்த சிநேகிதர்கள். இருந்தும் அவர்கள் உற்சாகம் காட்டவில்லை. ராய் மிகவும் மனமுடைந்து வீடு திரும்பினார்.

ஆகஸ்டு 26-ம் தேதி தென் கல்கத்தாவில் உள்ள வசுஸ்ரீ முதலிய கொட்டகைகளில் படம் வெளியாயிற்று. விளம்பரப் பலகைகளை ராய் தாமே எழுதினார். நெரிசலான இடம் ஒன்றில், அபுவும் துர்க்காவும் ஓடுவது போல் மின்விளக்கில் செய்து வைத்தார்கள். விளக்கு ஓடியது, படம் ஓடவில்லை. முதல் சில தினங்கள் காலி ஆசனங்கள்தான். பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையின் முக்கிய விஷயமாக நான் கருதுகிறேன். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். கேட்டவர்கள் வந்து பார்த்தார்கள். ஓரிரு வாரத்துக்குள் கொட்டகை நிறைந்து, டிக்கட் கிடைக்காமல் திரும்புகிறவர் தொகையும் பெருகியது. அப்போது இந்தப் படத்தின் மீது ஒரு மெடலும் இல்லை. ஒரு வெளிநாட்டு முத்திரையும் இல்லை.

எதற்காக வந்தார்கள்? குடும்பக் கதை என்று சொல்லிக்கொண்டு வரும் படங்களில் குடும்பம் இருக்கும், வீடு இருக்காது. இதில் வீடு இருந்தது. கிழவி சமையல் உள்ளிலிருந்து எதையாவது எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். ஸர்வஜயா சீறி விழுகிறாள். கிழவி கந்தல் மூட்டையை எடுத்துக்கொண்டு கோபித்துப் போய், நாலு நாள் கழித்துத் திரும்பி வருகிறாள். இதில் யார் நல்லவர், யார் கெட்டவர்? கொட்டகையில் இருந்த ஒவ்வொரு ஸ்திரீயும் ஒரு காலத்தில் ஸர்வஜயாவாக இருந்தவள், மற்றொரு காலத்தில் கிழவியாகப் போகிறவள். மழையில் நனைந்த துர்க்கா ஜுரத்தில் இறந்து போகிறாள். ஒன்றும் அறியாத தகப்பனார் ஊரிலிருந்து சாமான்களுடன் வந்து, "இது துர்க்காவுக்கு" என்று ஒரு புடவையை எடுத்து நீட்டுகிறார். தாயார் அதை வாயில் கவ்விக்கொண்டு கதறுகிறாள். ஆனால் அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்னும் தந்தி வாத்தியத்தின் உச்ச ஸ்வரம் ஒன்று மட்டும் கேட்கிறது. ஸர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் முகத்தை அந்த நிமிஷத்தில் பார்த்தவர்களுக்கு விளம்பரப் பலகை தேவையில்லை. அடுத்த வீட்டு அம்மாளை அழைத்துக்கொண்டு மறுபடியும் வந்திருப்பார்கள்.

இப்படி நிறைந்து ஓடிக்கொண்டிருந்த படத்தை வசுஸ்ரீயிலிருந்து எடுக்கும்படி நேர்ந்தது. கொட்டகை வேறொரு படத்துக்கு முன்கூட்டியே பேசப்பட்டிருந்தது. எந்தப் படம் தெரியுமா? நமது எஸ். எஸ். வாசன் அவர்கள் ஹிந்தியில் எடுத்த "இன்ஸானியத்"! திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் போதாதென்று, ஹாலிவுட்டிலிருந்து ஜிப்பி என்ற மனிதக் குரங்கும் நடித்த படம். வாசன் அவர்கள் "பதேர் பாஞ்சாலி"யைப் பார்த்தார். பிறகு ராயின் வீடு தேடிச் சென்று, இப்படிப்பட்ட படம் ஓடுகிறது என்று முன்னமே தெரிந்திருந்தால் என் படத்தைத் தள்ளிப் போட்டிருப்பேனே என்ற கருத்தில் பாராட்டிவிட்டு வந்தார். வசூலைப் பற்றி வாசனுக்குப் பாடம் சொல்லக்கூடியவர் அக்காலத்து இந்தியாவில் யாரும் இல்லை. அவர் சொன்னது வெறும் உபசார வார்த்தை என்று நான் நினைக்கவில்லை. படம் வேறு கொட்டகைக்கு மாறி, அங்கேயும் ஏழு வாரம் ஓடிற்று.

இவ்வளவும் நடந்த பிறகே பரிசுகள் வரத் தொடங்கின. 1955-ம் ஆண்டுப் படங்களுக்கு ராஷ்டிரபதி அளித்த தங்கப் பதக்கம் இதற்கு வந்தது. சிறந்த வங்காளிப் படத்துக்குரிய வெள்ளிப் பதக்கமும் சேர்ந்து வந்தது. 1956-ல் பிரான்ஸ் தேசத்து கான் நகர விழாவுக்கு அனுப்புவதென்றபோது, ஏழ்மையைப் போய் ஊராருக்குக் காட்டுவதா என்று டில்லியில் சிலர் முகம் சுளித்தார்கள். நேருஜி கல்கத்தாவில் படத்தைப் பார்த்திருந்தார். போகட்டும் என்றார், போயிற்று. அங்கே முதலில் காட்டிய இரவு வேறொரு விருந்து நடந்தபடியால் நடுவர்களிலேயே பலர் வரவில்லை. பார்த்த சில விமர்சகர்கள் கிளர்ச்சி செய்து இரண்டாம் முறை காட்டச் செய்தார்கள். "சிறந்த மானிட சாஸனம்" என்ற பொருள்பட ஒரு விசேஷப் பரிசு கிடைத்தது. 1957-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ, 1958-ல் வான்கூவர் என்று பட்டியல் நீளும்; முழுவதையும் படித்தால் நேயர்களுக்கு ரயில்வே கைடு வாசித்த களைப்புத்தான் மிஞ்சும்.

1958-ல் நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூக் கொட்டகையில் படம் எட்டு மாதம் ஓடியது. அந்தக் கொட்டகை அதுவரையில் காணாத ஓட்டம். அமெரிக்க வெளியீட்டில் வங்காள சர்க்காருக்குக் கிடைத்த லாபம் சுமார் 50,000 டாலர் என்கிறார்கள். அன்றைய மாற்று விகிதம் டாலருக்கு ரூ. 4-76. பெருக்கிப் பார்த்தால் ரூ. 2,38,000 ஆகிறது. ஒரே ஒரு தேசத்து லாபத்தில் மொத்தச் செலவும் அடைந்து, மேலும் அரைப் படம் எடுக்கப் பணம் மிச்சம்! சாலை அபிவிருத்தி இலாகா தன் ஆயுளில் போட்ட வேறெந்தச் சாலையும் இந்த மாதிரி டாலர் கொண்டு வந்திருக்காது. ஆனால் உரிமை சர்க்காருடையது என்று முன்னமே சொன்னேன் அல்லவா? லாபத்தில் ராய்க்குப் பங்கு கிடையாது. தட்டுகளை விற்றவருக்கும் நகையை அனுப்பியவருக்கும் கிடைத்தது பெயர். கஜானாவுக்குக் கிடைத்தது பணம். மற்ற முதலாளிகள் எவரும் தொடத் துணியாததைத் தொட்டதற்குச் சர்க்காரைப் பாராட்ட வேண்டியதுதான். இருந்தாலும், கெட்டிக்காரச் செட்டியார் ஒருவர் இதைவிட லாபகரமான ஒப்பந்தம் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நல்ல படம் எல்லாம் ஓடும்" என்று யாராவது கிளம்பினால் அவர்களையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. அடுத்த பாகமான "அபராஜிதோ" 1956-ல் வந்தது. மறு வருஷம் வெனிஸ் நகர விழாவில் தங்கச் சிங்கப் பரிசைத் தட்டிக்கொண்டது. கௌரவத்தில் இது கான் பரிசைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். கல்கத்தா ஜனங்களோ அதைக் கைவிட்டு விட்டார்கள். தாயார் இறந்ததும் மகனுடைய மனதில் துக்கத்தோடுகூட ஒரு விடுதலை உணர்ச்சியும் தோன்றுகிறது என்று அந்தப் படம் காட்டிற்று. அது உண்மைதான். ஆனால் தாயாரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய உண்மையல்ல. ஜனங்களுக்கு அறிவில்லை என்று இதற்காக அவர்களைத் திட்ட நான் தயாராக இல்லை. முந்தின வருஷம், யாரும் சொல்லிக் கொடுக்காமல், மெடலும் இல்லாமல், கொட்டகையை நிறைத்தவர்கள் அதே ஜனங்கள்தான்.

ஏழ்மையை ஏற்றுமதி செய்தார் என்ற குற்றச்சாட்டு ராயை விடாமல் துரத்தியது. 1980-ல் ராஜ்ய சபை அங்கத்தினராயிருந்த நர்கீஸ் அம்மையாரும் அதைச் சொன்னார். அவர் நடித்துப் பெரும் புகழ் பெற்ற "மதர் இந்தியா"வும் ஏழைக் குடும்பம் ஒன்றின் கதைதான். அதுவும் ஆஸ்கார் பரிசுப் போட்டிக்கு அமெரிக்கா சென்று வந்ததுதான். அதில் ஏழ்மை வர்ணத்தில் இருந்தது, பாட்டும் பாடிற்று. தேசத்தின் மானம் நமக்கு முக்கியம் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் துர்க்காவின் வீட்டுக் கூரை ஒழுகுவதை மறைத்துவிட்டால் அந்த மானம் எப்படி உயரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

1992-ல் ராய்க்கு ஆஸ்கார் கௌரவப் பரிசும் பாரத ரத்னமும் வந்தன. அந்த வருஷம் ஏப்ரல் 23-ம் தேதி அவர் காலமானார். மறு வருஷம், பாதுகாப்புக்காக லண்டனுக்கு அனுப்பி வைத்திருந்த மூலச் சுருள்கள் அங்குள்ள தொழிற்சாலையில் தீப்பிடித்துக் கருகின. இருபது வருஷத்துக்குப் பிறகு இத்தாலியில் போலோஞா நகரத்துத் தொழிலாளிகள் அந்தக் கருகிய சுருள்களை நனைத்து, பிரித்து, கையாலேயே ஓரம் ஒட்டி, எஞ்சியதை மற்றப் பிரதிகளோடு சேர்த்துப் படத்தை மீட்டார்கள். 2015-ம் ஆண்டு மே மாதத்தில், அறுபது வருஷத்துக்கு முன் முதல் முதலாகக் காட்டிய அதே நியூயார்க் மியூஸியத்தில் அது மறுபடியும் ஓடியது. பிறகு கொட்டகைகளுக்கு வந்தது. பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை என்று படமுதலாளிகள் திருப்பி அனுப்பிய கதைக்கு, அமெரிக்காவில் அந்த ஒரு வெளியீட்டில் மட்டும் சுமார் 4 லட்சம் டாலருக்கு டிக்கட் விற்றது.